காய் விடவும் ஆள் வேண்டும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை: பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைப்பது. அதிலும் படிப்பைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. "நாலு பேரோடு பழகத் தெரியாமல் போய்விடுமோ" என்ற பயம்தான் எல்லாக் கடிதத்திலும் இருக்கிறது. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டேன். எழுதியவர்களின் பெயரைப் போடவில்லை. மலையில் ஊர்ப் பேரைச் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் ஊரையும் பொத்தாம்பொதுவாகத்தான் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: பண்ணைக்காட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே காப்பித் தோட்டத்தில் இருக்கிறோம். மகனுக்குப் பத்து வயது ஆகப்போகிறது. பள்ளி வேனில் போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். வளைவுகளில் தினமும் வாந்தி. மூன்றாம் வகுப்புப் பாதியில் நிறுத்திவிட்டு நானே சொல்லிக்கொடுக்கிறேன். படிப்பில் குறை இல்லை. போன மாதம் வத்தலக்குண்டில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் இருபது பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். இவன் என் முந்தானையை விட்டு நகரவில்லை. ஆனால் சமையல்காரரிடம் போய் ஒரு மணி நேரம் ஏலக்காயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். "காட்டுப்பிள்ளையா வளர்த்து வெச்சிருக்க" என்றார் மாமியார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நான் செய்தது தப்பா டீச்சர்?

பதில்: தப்பு இல்லை அம்மா. தினமும் இரண்டரை மணி நேரம் வேனில் வாந்தி எடுத்துக்கொண்டு போய் வந்த பிள்ளையை நிறுத்தியது எந்தத் தாயும் செய்கிற காரியம்தான். ஆனால் உங்கள் மாமியார் கண்ணில் பட்டதும் பொய் இல்லை. இரண்டையும் சேர்த்தே பேசுவோம்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த ஏலக்காய் வரியைத்தான். முன்பின் தெரியாத ஒரு பெரியவரிடம் தானாகப் போய், தனக்குத் தெரிந்ததைச் சொல்லி, அவர் சொன்னதைக் கேட்டு ஒரு மணி நேரம் நின்ற பிள்ளைக்கு மனிதர்கள் மேல் பயம் இல்லை. ஆனால் பெரியவர்கள் பிள்ளைகளிடம் விட்டுக்கொடுத்துத்தான் பேசுவார்கள். "அப்படியா தம்பி, அப்புறம்?" என்று கேட்பார்கள். தப்பாகச் சொன்னாலும் சிரித்துக்கொள்வார்கள். பத்து வயதுப் பிள்ளை இன்னொரு பத்து வயதுப் பிள்ளைக்கு அப்படி விட்டுத்தராது. மண்டபத்தில் ஓடிய அந்த இருபது பேரும் முந்தின நாள் இரவே கூட்டாளி ஆகியிருப்பார்கள். நடுவில் போய் "நானும் வரேன்" என்று சொல்ல வேண்டும். "போடா, ஆள் சேர்த்தாச்சு" என்ற பதிலை வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிக்கொண்டு ஓடிவிடாமல் அங்கேயே நின்று, எவனாவது ஒருத்தன் தண்ணீர் குடிக்கப் போகும்போது அந்த இடத்தில் நுழைந்துவிட வேண்டும். இது செய்து செய்து கைவர வேண்டிய வேலை. உங்கள் மகனுக்கு இதைச் செய்து பார்க்க ஒன்றரை வருடமாக இடமே கிடைக்கவில்லை, அவ்வளவுதான். சைக்கிள் பழகுகிறோம், நீச்சல் பழகுகிறோம், ஆளோடும் பழகுகிறோம். மூன்றுக்கும் நாம் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். கரையில் நின்று நீச்சல் வராது.

அப்படியானால் பள்ளிக்கு அனுப்பியிருந்தால் தானாக வந்திருக்குமா? நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். கீழ்ப்பழனி மலைக் கிராமங்களில் 34 வருடம் இடைநிலை ஆசிரியராக இருந்தவள் நான். பளியர் பழங்குடிக் குடியிருப்புகளுக்கு நடந்தே போய், அப்பாவோடு தேன் எடுக்கக் காட்டுக்குள் போயிருந்த பிள்ளைகளுக்காகச் சாயங்காலம் வரை காத்திருந்து, மறுநாள் வகுப்பில் உட்கார வைத்தவள். வகுப்புக்குள் வந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்பதுதான் என் எண்ணம்.

அந்த எண்ணத்தை மாற்றியது என் வகுப்பிலேயே இருந்த ஒரு பெண் பிள்ளை. இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை நாலு வருடம் என் கண் முன்னால் இருந்தவள். வகுப்பில் 38 பேர். இடைவேளை மணி அடித்ததும் நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போவாள். குழாயடியில் குந்தி உட்கார்ந்து தன் டம்ளரைக் கழுவ ஆரம்பிப்பாள். உள்ளே விரலை விட்டுத் தேய்ப்பாள், கவிழ்த்துப் பார்ப்பாள், மறுபடி தண்ணீர் பிடிப்பாள். மணி அடிக்கிற வரைக்கும் கழுவுவாள். டம்ளர் ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருக்கும். கையில் வேலை இருந்தால் தனியாக நிற்பது யாருக்கும் தெரியாது என்று ஏழு வயதிலேயே கண்டுபிடித்திருக்கிறாள். எனக்கு அது உறைக்கவே இல்லை. வருடக் கடைசியில் "அமைதியானவள், ஒழுக்கமானவள்" என்று நாலு முறை எழுதினேன். பல வருடம் கழித்துக் கைக்குழந்தையோடு பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "அஞ்சாவது வரைக்கும் எனக்கு ஒரு ஃப்ரெண்டுகூட இல்ல டீச்சர். உங்களுக்குத் தெரியும்னுதான் நெனச்சிருந்தேன்." பெரும்பாறையில் அவள் இறங்கிப் போன பிறகு தாண்டிக்குடி வரை என்னால் யாரோடும் பேச முடியவில்லை.

ஆகவே 38 பேரோடு ஒரே அறையில் இருந்தும் பழகாமல் இருக்க முடியும். வீட்டில் படித்தும் நன்றாகப் பழக முடியும். 1992இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் லாரி ஷையர்ஸ் என்பவர் தன் முனைவர் பட்டத்துக்காக இதை ஆராய்ந்தார். 8 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளில் வீட்டில் படித்த 70 பேரையும் பள்ளியில் படித்த 70 பேரையும் குழுக்களாக விளையாட விட்டு வீடியோ எடுத்தார். யார் எங்கே படித்தவர் என்று தெரியாதவர்கள் அந்த வீடியோவைப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். கத்துவது, முட்டி மோதுவது போன்ற தொந்தரவுகள் வீட்டில் படித்த பிள்ளைகளிடம் குறைவாக இருந்தன. இதைப் படித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிட வேண்டாம். பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்க வைக்கத் துணிகிற குடும்பம் பெரும்பாலும் நேரமும் அக்கறையும் செலவு செய்கிற குடும்பம். நல்ல பெயரில் ஒரு பங்கு அந்த அக்கறைக்குப் போக வேண்டும். தவிர, அங்கே விளையாடக் கூட்டாளிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். உங்கள் தோட்டத்தில் அவர்களை நீங்கள்தான் தேட வேண்டும்.

இனி என் வீட்டுக் கதை. என் பேத்திக்கு ஆறு வயதானபோது, பள்ளிக்கு அனுப்பப் போவதில்லை என்று மகளும் மருமகனும் சொன்னார்கள். மூன்று மாதம் மகளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை நான். ஊரெல்லாம் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்து வந்தவள் வீட்டிலேயே இப்படியா என்று இருந்தது. அப்புறம் அவர்களோடு தோட்டத்திலேயே போய்த் தங்கினேன்.

மார்ச் மாதம் காப்பி எடுப்பு முடிந்து, கொட்டை காயவைக்கிற களம் காலியாகிவிடும். சிமென்ட் தளம், நாலு பக்கமும் முழங்கால் உயரச் சுவர். கிரிக்கெட்டுக்கு அதைவிட நல்ல இடம் மலையில் கிடையாது. தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளிலிருந்து ஏழெட்டுப் பிள்ளைகள் நாலரை மணிக்கெல்லாம் வந்துவிடுவார்கள். ஐந்து வயது முதல் பதின்மூன்று வயது வரை எல்லாம் கலந்து இருக்கும். பேத்திக்கு அப்போது ஏழு வயது. வீட்டில் அவள் அப்பா அவள் அடிக்கிற வரைக்கும் பந்து போட்டுக்கொண்டே இருப்பார். களத்தில் முதல் பந்திலேயே ஸ்டம்ப் விழுந்தது. "நான் அவுட் இல்ல" என்று மட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஒன்பது வயதுப் பையன் ஒருத்தன் "குடு" என்றான். தரவில்லை. "அப்ப நாங்க வரல" என்று எல்லாரும் போய்ச் சுவர்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். இவள் நடுக்களத்தில் மட்டையோடு நின்று அழுகிறாள்.

நான் திண்ணையிலிருந்து எழுந்துவிட்டேன். முப்பது வருடப் பழக்கம், கால் தானாக எழும். பக்கத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருந்த அம்மா என் கையைப் பிடித்து, "உக்காருங்க டீச்சர், அதுகளே பாத்துக்கும்" என்றார். உட்கார்ந்தேன். கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி சுவரிலிருந்து குதித்து வந்தாள். "சரி, இவ புதுசு. இன்னைக்கு மட்டும் முதல் பால் ட்ரையல். நாளையிலேர்ந்து கிடையாது" என்று தீர்ப்புச் சொன்னாள். ஆட்டம் தொடர்ந்தது. மறுநாள் அவுட் ஆனதும் பேத்தி தானாகவே மட்டையைக் கொடுத்தாள். அதற்கடுத்த நாள் அதே ஒன்பது வயதுப் பையனோடு சண்டை வந்து "காய்" விட்டுவிட்டு வந்தாள். மூன்று நாள் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் இரவு என்னிடம் கேட்டாள்: "அம்மாச்சி, அவன் இனிமே பேசவே மாட்டானா?" எனக்கு அந்தப் பையனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. நாலாம் நாள் இரண்டு கொய்யாவைப் பறித்துப் பாவாடையில் சுற்றிக்கொண்டு போனாள். "பழம்" விட்டாகிவிட்டது என்று திரும்பி வந்தபோது முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு நாம் எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறோம். புத்தகம் கொடுக்கிறோம், செடி கொடி காட்டுகிறோம், பாட்டு டான்ஸ் வகுப்புக்குக்கூட அனுப்புகிறோம். காய் விட ஒரு ஆளைக் கொடுப்பதில்லை. கோபித்துக்கொண்டு போன கூட்டாளி திரும்பி வருவானா என்று மூன்று நாள் தவித்து, தானே வழி தேடிப் போய்ச் சேருவதை எந்த அம்மாவாலும் சொல்லிக்கொடுக்க முடியாது. அம்மா காய் விட்டாலும் சாப்பாட்டு நேரத்துக்குள் பழம் விட்டுவிடுவாள். சுவிட்சர்லாந்து அறிஞர் ஜீன் பியாஜே, 1932இல் வெளிவந்த தன் புத்தகத்துக்காகக் கோலி ஆடும் பிள்ளைகளிடம் ஆட்ட விதிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார். விதி என்பது பெரியவர்கள் கொடுத்தது, மாற்றவே கூடாது என்றார்கள் சின்னப் பிள்ளைகள். பத்து, பதினொன்று வயதுக்காரர்களோ, எல்லாரும் ஒத்துக்கொண்டால் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். பெரியவர்கள் கட்டளையைவிட, சமமானவர்களோடு ஆடுவதில்தான் நியாயம் பற்றிய இந்த முதிர்ச்சி வளர்கிறது என்று பியாஜே சொன்னார். "முதல் பால் ட்ரையல்" என்று சொன்ன அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் செய்தது அதுதான்.

களத்தில் இருந்த ஐந்து வயது வாண்டை "ஒப்புக்குச் சப்பாணி" என்று சேர்த்துக்கொண்டார்கள். அவன் அவுட் ஆனால் கணக்கில் இல்லை, பந்து பொறுக்கலாம், கூச்சல் போடலாம். இதையும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரே வயதுப் பிள்ளைகளை மட்டும் அடுக்கி வைக்கிற வகுப்பறையில் இதற்கு இடம் குறைவு. ஆகவே பத்து வயதுப் பையனுக்குப் பத்து வயதுக் கூட்டாளிதான் வேண்டும் என்று தேடி அலையாதீர்கள்.

உங்கள் தோட்டத்திலும் லைன் வீடுகள் இருக்கும். அங்கே பிள்ளைகள் இருப்பார்கள். உங்கள் மகனை அங்கே அனுப்புங்கள். அவர்களை உங்கள் வாசலுக்குக் கூப்பிடாதீர்கள். உங்கள் வாசலில் அவன் முதலாளி வீட்டுப் பிள்ளை. அவர்கள் அவனுக்கு விட்டுக்கொடுப்பார்கள். அவனுக்கு இப்போது வேண்டாதது அந்த விட்டுக்கொடுப்புதான். புது மட்டையும் பந்தும் வாங்கிக் கொடுத்து அனுப்பவும் வேண்டாம். மட்டை அவனுடையதாக இருந்தால் விதியும் அவனுடையதாகிவிடும். வாரத்தில் மூன்று நாளாவது, அதே இடம், அதே நேரம், அதே பிள்ளைகள். நீங்கள் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருங்கள், காதுக்கு எட்டும் தூரத்தில் இருக்காதீர்கள். பலா பழுக்கிற மாதங்களில் யானை நடமாட்டம் இருந்தால் இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஆட்டத்தை முடித்துவிடச் சொல்லுங்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பெரியவர்கள் பேச்சுக்கு மேல் பேச்சு இருக்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் படிக்க வைக்கிற சில குடும்பங்கள் மாதம் ஒருமுறை ஜீப்பில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு வீட்டில் கூடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் அங்கே வருகிறவர்கள் எல்லாரும் நம்மைப் போன்றவர்கள். பள்ளிக்கூடம் செய்த ஒரு பெரிய காரியத்தை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். 1956இல் காமராஜர் கொண்டுவந்து, 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கிய மதிய உணவு வரிசையில், பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்பதை வீடு தீர்மானிக்கவில்லை. எஸ்டேட் கணக்குப்பிள்ளையின் மகனும் பளியர் வீட்டுப் பெண்ணும் ஒரே வரிசையில் தட்டு வைத்துச் சாப்பிட்டார்கள். பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்கிற நாம் அந்த வரிசையையும் சேர்த்து விட்டுவிடுகிறோம். லைன் வீட்டுக்கு அனுப்புங்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவும் காரணம். அங்கே கொடுக்கிற டீயைக் குடிக்கட்டும். அவர்கள் வீட்டுச் சோற்றைச் சாப்பிடட்டும்.

அடுத்த கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வேலை. லீவில் அத்தை பிள்ளைகளையோ சித்தப்பா பிள்ளைகளையோ இரண்டு பேரைத் தோட்டத்தில் ஐந்து நாள் கொண்டுவந்து வைத்துக்கொள்ளுங்கள். இருபது பேரில் ஒரு முகம் தெரிந்த முகமாக இருந்தால் உள்ளே நுழைய அது போதும். மாமியாரிடம் எதிர்வாதம் வேண்டாம். அந்த ஐந்து நாளும் அவரையும் வந்து தங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது படகர் ஊரில் இருக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது, வீட்டில்தான் படிக்கிறாள். இது சட்டப்படி தப்பா? நாளைக்கே பள்ளிக்குப் போகிறேன் என்றால் சேர்த்துக்கொள்வார்களா? பத்தாம் வகுப்பு எப்படி எழுதுவது? ஜனவரியில் ஹெத்தையம்மன் பண்டிகையில் மட்டும்தான் நிறையப் பிள்ளைகளைப் பார்க்கிறாள்.

பதில்: கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் வைக்கவில்லை. கடுமையான குறைபாடு உள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்பது 2012 திருத்தத்தில் சேர்ந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு வீட்டுக்கல்வி கூடும் என்றோ கூடாது என்றோ நேராக ஒரு வரி இல்லை. அதனால் ஒளிக்கவும் வேண்டாம், சண்டைக்கும் போக வேண்டாம். கணக்கெடுப்புக்கு வருகிற ஆசிரியரிடம் உள்ளதைச் சொல்லி, பிள்ளையின் நோட்டுகளைக் காட்டுங்கள். அவர்கள் வேலையும் பாவம், மழையில் மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கித்தான் வருகிறார்கள்.

திரும்பச் சேர்வதைப் பற்றிக் கவலையே வேண்டாம். 4ஆம் பிரிவின்படி வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சியும் தர வேண்டும். வருடத்தின் நடுவில் வந்தாலும் சேர்க்க மறுக்கக் கூடாது என்பது 15ஆம் பிரிவு.

தேர்வுக்கு இரண்டு வழி. 12½ வயது முடிந்தால் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம், பிறகு அதே போலப் பத்தாம் வகுப்பு. இல்லையென்றால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது. 1989இல் தொடங்கியது. 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதலாம், ஐந்து பாடம், வருடத்தில் இரண்டு முறை. பிறகு எந்தப் பள்ளியில் பதினொன்று சேர ஆசையோ, அந்தத் தலைமையாசிரியரிடம் எந்தச் சான்றிதழ் வசதி என்று ஒரு வருடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பண்டிகையில் வெள்ளை உடுத்தி ஊரே கூடுவது பிள்ளை மனதில் நிற்கும். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை பார்க்கிற கூட்டத்தோடு யாரும் சண்டை போட்டுச் சேர முடியாது. ஹட்டியில் வீடுகள் வரிசையாக ஒட்டித்தானே இருக்கும்? தேயிலை பறித்துவிட்டு எல்லாரும் திரும்புகிற நேரத்தில் முற்றத்தில் பிள்ளைகள் இருப்பார்களே, உங்களுக்குப் பண்ணைக்காட்டு அம்மாவைவிட வேலை சுலபம்.

கேள்வி: குன்னூர். மகளுக்கு மூன்று வயது. பக்கத்து வீட்டுக் குழந்தை வந்தால் இரண்டும் அருகருகே உட்கார்ந்து தனித்தனியாக விளையாடுகின்றன. ஒன்றையொன்று பார்ப்பதுகூட இல்லை. பால்வாடிக்கு அனுப்பாததால் இப்படியா?

பதில்: இல்லை. அந்த வயதுக்கு அதுதான் விளையாட்டு. மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1932இலேயே சின்னக் குழந்தைகளைக் கவனித்து எழுதியிருக்கிறார்: முதலில் தனியாக, அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து இணையாக, அப்புறம்தான் சேர்ந்து. பக்கத்துக் குழந்தை எழுந்து போனதும் உங்கள் மகளும் விளையாட்டை விட்டுவிடுகிறாளா என்று பாருங்கள். விட்டுவிட்டால், பார்க்காதது போல இருந்தாலும் துணை இருப்பதை உணர்கிறாள் என்று அர்த்தம். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, விரல் நீட்டி எதையும் காட்டுவதில்லை, பேச்சு வரவில்லை என்று இருந்தால் காத்திருக்க வேண்டாம். மாவட்ட அரசு மருத்துவமனையில் குழந்தை வளர்ச்சியைப் பார்க்கும் பிரிவில் காட்டிவிடுங்கள்.

கேள்வி: விசேஷத்துக்குப் போனால் "எந்த ஸ்கூல், எத்தனாவது?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். என் பையன் முழிக்கிறான். பொய் சொல்லச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். "வீட்டுலதான் படிக்கிறேன், அஞ்சாவது பாடம்" என்று சொல்லட்டும். அடுத்து அவர்கள் என்ன கேட்டாலும் நீங்கள் குறுக்கே விழுந்து பதில் சொல்லாதீர்கள். அவனே சொல்லி முடிக்கட்டும்.

கேள்வி: எனக்கு 14 வயது. எட்டு வருடத்துக்கு முன்னால் அப்பா அம்மா சென்னையிலிருந்து கொடைக்கானலுக்கு மேலே, மன்னவனூர்ப் பக்கம் வந்து விவசாயம் செய்கிறார்கள். பள்ளிக்குப் போனதே இல்லை. வருகிறவர்கள் எல்லாரும் "நீ கொடுத்து வெச்சவ" என்கிறார்கள். எனக்குப் பேச ஆள் இல்லை. பூண்டு அறுப்புக்கு வரும் ஒரு அக்காவோடு மட்டும் பேசுவேன். பதினொன்றாம் வகுப்புப் பள்ளியில் படிக்கிறேன் என்றால் அம்மா அழுகிறார், "உனக்காகத்தானே எல்லாத்தையும் விட்டுட்டு வந்தோம்" என்கிறார். நான் நன்றி கெட்டவளா?

பதில்: இல்லை கண்ணு. ஒருக்காலும் இல்லை.

ஆறு வயதில் உன்னைச் சுற்றி அப்பா அம்மா, காடு, ஆடு மாடு இருந்தால் போதுமாக இருந்திருக்கும். பதினாலு வயதில் அது போதாது. அம்மாவிடம் சொல்ல முடியாததைச் சொல்ல ஒருத்தி வேண்டும். அது வளர்கிறதன் அடையாளம். அம்மா அழுவதும் உன்மேல் கோபத்தால் இல்லை. தான் செய்தது வீணாகிவிட்டதோ என்ற பயம் அவருக்கு. "நீங்கள் சொல்லிக்கொடுத்ததால்தான் எனக்குப் பள்ளிக்குப் போகத் தைரியம் வந்திருக்கிறது" என்று அவரிடம் சொல். பொய்யாகச் சொல்லச் சொல்லவில்லை. நீ எழுதியிருக்கும் நாலு பக்கக் கடிதத்தில் ஒரு பிழை இல்லை, மனதில் இருப்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லியிருக்கிறாய். அதை அவர்தான் உனக்குக் கொடுத்திருக்கிறார்.

பதினொன்று வருவதற்கு முன்னால் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும். மேலே கோத்தகிரிக்காரருக்குச் சொன்ன இரண்டு வழியையும் அப்பாவோடு உட்கார்ந்து படி. முதல் வருடம் சிரமமாக இருக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. மணி அடித்தால் எழுந்து போக வேண்டும், பிடிக்காத பாடத்தில் நாற்பது நிமிடம் உட்கார வேண்டும், உன்னைவிட நன்றாகத் தெரிந்தவள் பக்கத்தில் இருப்பாள். முதல் வாரம் யாரும் பேசாவிட்டால் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதே. இடைவேளையில் தனியாக நிற்கிற இன்னொருத்தி எங்காவது இருப்பாள், அவள் பக்கத்தில் போய் நில்.

இந்தப் பெண்ணின் அம்மா இதைப் படித்தால் உங்களுக்கு ஒரு வார்த்தை. அவளை விடுங்கள் அம்மா. என் மகள் முடிவெடுத்தபோது மூன்று மாதம் பேசாமல் இருந்தவள் நான். அந்த மூன்று மாதம் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

அதுவரைக்கும், கண்ணு, அந்தப் பூண்டு அறுப்பு அக்காவை விட்டுவிடாதே. அறுப்பு முடிந்ததும் அவர் எந்த ஊருக்குத் திரும்பிப் போகிறார் என்று கேட்டு வைத்துக்கொள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போய்ப் பார். அந்த வீட்டில் உன் வயதில் தங்கச்சி யாராவது இருக்கலாம்.